முதலுதவி கற்பிக்கும் கைப்பேசி விளையாட்டு உருவாக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிக்கு அருகே அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டால், பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி வைக்க முடியாது. சென்ற ஆண்டு மதகடியில் மூழ்கிய ஒரு சிறுவனைக் கரையேற்றியபோது, சுற்றி நின்றவர்கள் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றவே முயன்றார்களே தவிர, அவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. அவன் தானாகவே இருமி விழித்துக்கொண்டான். அங்கிருந்த என் பத்தாம் வகுப்பு மாணவர்களும் செய்வதறியாமல் நின்றது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

பிரிட்டனில் 2013-இல் வெளியான 'லைஃப்சேவர்' என்ற உயிர்காப்பு முதலுதவி விளையாட்டைப் போல, நம் ஆற்றங்கரையையே களமாகக் கொண்ட ஒன்றைத் தமிழில் உருவாக்க விரும்புகிறேன். 108-ஐ அழைக்கச் சொல்வது, மூச்சு இல்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுவது, பின்னர் நெஞ்சில் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்று தொடர்வது ஆகிய முடிவுகளை மாணவரே நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தலையணைமேல் கைப்பேசியை உள்ளங்கையால் பிடித்து அழுத்தினால், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் வருகிறதா என்பதை அதிலுள்ள, அசைவை உணரும் முடுக்கமானியைக் கொண்டு கணக்கிடலாம். ஆனால், நெஞ்சு 5 சென்டிமீட்டர் அமிழும் அந்த அழுத்தத்தைப் பயிற்சிப் பொம்மையில்தான் கைகள் பழக வேண்டும்.

விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ (Godot) மென்பொருளில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரும், உள்ளடக்கத்தைச் சரிபார்க்க மருத்துவர் அல்லது செவிலியர் ஒருவரும் தேவை. பயிற்சிப் பொம்மையை இரண்டு சனிக்கிழமைகளுக்கு இரவல் தரக்கூடியவர்கள் இருந்தால், நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.