கூலிம் பண்ணையில் வெள்ளாடும் செம்மறியும் வாங்கப் போகிறேன்: எதைப் பார்த்து எடுப்பது?

நிபோங்திபால்காரன்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் வீட்டை ஒட்டி அரை ஏக்கர் நிலம். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம். பரண் கொட்டகை போட்டாயிற்று, தரையிலிருந்து நாலடி உயரம், பலகைத் தளம். நேப்பியர் புல் வெட்டுக்கு வந்துவிட்டது.

கூலிம் பக்கம் சிறு பண்ணை ஒன்றில் அறுபது உருப்படி வரை இருக்கின்றன. எட்டுப் பெட்டை, இனப்பெருக்கத்துக்கு ஒரு பொலிகிடா, கூடவே நாலு செம்மறி எடுக்கலாம் என்று எண்ணம். வெள்ளாடு போயர் இனக் கலப்பு என்கிறார் பண்ணைக்காரர். உயிரெடை கிலோ 30 ரிங்கிட். சினை ஆட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்கிறார். தராசு இல்லை, கண்மதிப்புதான். தீவனம் புல்லும் செம்பனைப் புண்ணாக்கும்.

ஆட்டில் எதைப் பார்ப்பது, எடையை எப்படிச் சரிபார்ப்பது, கெடாவிலிருந்து பினாங்குக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பரண்கொட்டகை

தம்பி, ஆட்டைப் பிடிப்பதற்கு முன் மந்தையைப் பாருங்கள். காலையில் தீவனம் வைக்குமுன் போய்விட வேண்டும். தொட்டியில் புல் விழுந்ததும் எது முட்டிக்கொண்டு வருகிறது, எது ஓரமாகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். மத்தியானம் போனால் எல்லாம் படுத்துக் கிடக்கும். நோய் கண்டதும் அதே மாதிரிதான் படுத்திருக்கும்.

அடுத்து பரணுக்கு அடியில் குனிந்து பாருங்கள். புழுக்கை காய்ந்து தனித்தனியாக உதிர்ந்து கிடக்க வேண்டும். கூழாக ஒட்டிக் கிடந்தால் கழிச்சல். ஆனால் புழுக்கை நன்றாக இருக்கிறது என்பதற்காகப் புழு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் ஆட்டைக் கொல்வது இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹெமோங்கஸ் புழு. அதற்குப் பெரும்பாலும் கழிச்சலே இருக்காது. கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்து உள்சவ்வைப் பாருங்கள். சிவப்பும் ரோஸ் நிறமும் சரி. வெளிறியிருந்தால் வேண்டாம். இதற்கென்றே 1 முதல் 5 வரை நிறம் அச்சிட்ட ஃபமாச்சா அட்டை இருக்கிறது. அதில் 4-ம் 5-ம் ரத்தசோகை. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் தொங்கினால் நோய் முற்றிய நிலை.

நீங்கள் எடுக்க நினைக்கும் எட்டை மட்டும் பார்க்காமல், கைக்கு எட்டிய பத்துப் பதினைந்து ஆட்டின் இமையைப் பாருங்கள். ஒன்று வெளிறியிருந்தால் அது அந்த ஆட்டோடு போச்சு. நாலைந்து வெளிறியிருந்தால், அந்தப் பண்ணையில் கொடுக்கும் மருந்துக்குப் புழு அடங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அங்கே எந்த ஆட்டை எடுத்தாலும் மருந்துக்குச் சாகாத புழுவையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறீர்கள். கடைசியாக என்ன மருந்து, எப்போது கொடுத்தது என்று கேளுங்கள். புட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

வயதுக்குப் பல். வெட்டுப்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. எட்டும் சின்னப் பாற்பல் என்றால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு அகலப் பல் போட்டிருந்தால் ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் சுமார் இரண்டு, ஆறு பல் சுமார் மூன்று, எட்டும் போட்டது நாலு வயது ஒட்டி. பல் இடைவெளி விட்டு நீண்டோ உடைந்தோ இருந்தால் கிழடு. இனப்பெருக்கத்துக்கு இரண்டு பல், நாலு பல் பெட்டையாக எடுங்கள். ஒரு ஈத்து முடித்து, குட்டி பக்கத்திலேயே நின்றால் இன்னும் நல்லது. தாய்மையைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

மடியைக் கையால் பிடித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் கல்லாகக் கட்டியிருந்தால் மடிநோய் வந்து போனது, அந்தப் பக்கம் பால் இறங்காது. போயர் கலப்பில் கூடுதல் காம்பு வரும். அது தனித்தனியாக இருந்தால் பரவாயில்லை. ஒரே காம்பு நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தால் குட்டி கவ்வ முடியாமல் திணறும். காதுக்குக் கீழ், தாடை ஓரம், தோள்பட்டைக்கு முன், இந்த மூன்று இடத்திலும் விரலை ஓட்டுங்கள். நெல்லிக்காய் அளவு கெட்டிக் கட்டி தட்டுப்பட்டால் அது சீழ்க்கட்டி நோயாக இருக்கலாம். அது உடைந்து சீழ் பலகையில் பட்டால் மந்தைக்கே பரவும். முன்முட்டி வீங்கியிருந்தாலும், குளம்பு வளைந்து நொண்டினாலும் ஒதுக்குங்கள்.

பொலிகிடாவுக்கு இரண்டு விதையும் ஒரே அளவில், கெட்டியாக இறங்கியிருக்க வேண்டும். ஒன்று இறங்காததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், குட்டிக்கும் போகும். கிடாவைக் கொம்புள்ளதாகவே எடுங்கள். பிறவியிலேயே கொம்பில்லாத கிடாவும் கொம்பில்லாத பெட்டையும் சேர்ந்தால், பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் சில இருபாலாக, மலடாகப் போகும். கொம்பு சுட்டதா, பிறவி மொட்டையா என்று தடவிப் பார்த்தால் தழும்பு சொல்லிவிடும்.

எடைக்கு ஒரு தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ. சுற்று 70, நீளம் 65 என்றால் 29 கிலோ சொச்சம். அதைக் கண்மதிப்பில் 35 என்றால் 150 ரிங்கிட்டுக்கு மேல் கூடப் போகிறது. ரோமத்துக்கு மேல் நாடா தொளதொளவென்று கிடக்கக் கூடாது, ஆடு நாலு காலில் நேராக நிற்க வேண்டும். தின்று தண்ணீர் குடித்த பிறகு அளந்தால் வயிற்றில் இருக்கும் புல்லுக்கும் காசு கொடுப்பீர்கள்.

செம்மறிப்பட்டி

அண்ணன் வெள்ளாட்டுக்குச் சொன்னது முழுக்கச் சரி. செம்மறிக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே அது தெரிகிறது: செம்பனைப் புண்ணாக்கு.

அதில் தாமிரம் அதிகம், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல். செம்மறிக்குத் தாங்குவது உலர்தீவனக் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான். மாடு, வெள்ளாடு தாங்கிக்கொள்ளும். செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றாமல் மாதக்கணக்கில் சேர்த்துவைக்கும். அதுவரை ஆடு கொழுகொழுவென்று, தீவனத்துக்கு ஓடிவந்து, வெளியே ஒரு குறையும் தெரியாமல் நிற்கும். பிறகு லோரிப் பயணம், பட்டினி, புது இடம் என்று ஏதோ ஓர் அலைச்சல் வரும்போது, ஈரலில் இருந்தது ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வாங்கி வந்தவர் தன் கொட்டகையைக் குறை சொல்லிக்கொள்வார். சேர்ந்த தாமிரமோ விற்ற பண்ணையிலேயே சேர்ந்தது.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு. செம்மறிக்கும் அதே புண்ணாக்குதானா? எத்தனை மாதமாக? புண்ணாக்குதான் முக்கியத் தீவனம், மாதக்கணக்கில் போகிறது என்றால் அங்கே செம்மறி எடுக்காதீர்கள். மாட்டுக்கு விற்கும் தாது உப்புக்கட்டியிலும் தாமிரம் உண்டு. செம்மறிக்கென்று தனிக்கட்டி வாங்குங்கள்.

இன்னொன்று, சாலையோரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் மண்டிக் கிடக்கும் சிக்னல் புல். அதிலுள்ள சபோனின் செம்மறியின் ஈரலைக் கெடுக்கும். காதும் இமையும் வீங்கி, வெயில் பட்ட முகத்தோல் உரியும். குட்டிகள்தான் அதிகம் சாகும். செம்பனைக்கு அடியில் அவிழ்த்துவிடும் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே என்ன புல், தோட்டத்தில் எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்று விசாரியுங்கள். உண்ணிச்செடி இருந்தால் பிடுங்கிவிடுங்கள், அதுவும் ஈரலுக்கு விஷம்.

நாலு செம்மறிக்காக ஒரு செம்மறிக் கிடாவும் வைக்க வேண்டிவரும். வெள்ளாட்டுக் கிடா உதவாது. ஒரு கிடாவுக்கு இருபது பெட்டை என்பதுதான் கட்டுப்படியான கணக்கு. முதல் வருடம் வெள்ளாடு மட்டும் போதும் என்பது என் கருத்து. செம்மறிதான் வேண்டும் என்றால் பார்படோஸ் பிளேக்பெல்லி போன்ற, கம்பளி கத்தரிக்கத் தேவையில்லாத இனமாகப் பாருங்கள்.

புக்கிட்_தெங்கா

கூலிம் கெடா, நீங்கள் பினாங்கு. மாநில எல்லை தாண்டுவதால் கால்நடைச் சேவைத் துறையின் நகர்வு அனுமதி வேண்டும். விற்பவர் தம் மாவட்ட அலுவலகத்தில்தான் முதலில் கேட்க வேண்டும். எந்த ஊரிலாவது கோமாரி கண்டு நகர்வுக்குத் தடை போட்டிருந்தால் எதுவும் நடக்காது, அதனால் முன்பணம் கொடுக்குமுன் விசாரியுங்கள். "ராத்திரியில் ஏற்றிவிடலாம்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். வீட்டை ஒட்டிக் கொட்டகை என்பதால் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் கேட்டுவிடுங்கள். வாடை என்று அக்கம்பக்கத்தில் ஒரு புகார் போனாலே சிக்கல்.

பணம் கொடுக்குமுன் ரத்தப் பரிசோதனை, முக்கியமாகக் கருவைக் கலைக்கும் புருசெல்லோசிஸ் நோய்க்கு. இந்த வட்டாரத்துக்கான அரசு கால்நடை ஆய்வகம் புக்கிட் தெங்காவில்தான் இருக்கிறது. மாவட்ட கால்நடை அலுவலகம் மூலம் ரத்தம் எடுத்து அனுப்பலாம். புருசெல்லா மனிதனுக்கும் தொற்றும். பினாங்கிலேயே காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோருக்கு வந்திருக்கிறது. பண்ணையில் கரு கலைந்து குட்டி வீசியது எத்தனை என்று கேளுங்கள். முடிவு வந்த ஆட்டின் காதுத்தோட்டு எண்ணும் ரசீதில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதித்தது ஒன்று, லோரியில் ஏறியது ஒன்று என்றாகிவிடும்.

ஏற்றும் நாளில் புல் மட்டும், புண்ணாக்கு வேண்டாம். விடிகாலையில் ஏற்றுங்கள். கிடாவைத் தடுப்பு வைத்துத் தனியே நிறுத்துங்கள்.

வந்ததும் 30 நாள் தனிக்கொட்டில். வாளி தனி, உங்களிடம் ஏற்கெனவே ஆடு இருந்தால் இவற்றைக் கடைசியாகக் கவனியுங்கள். பழைய பண்ணையின் தீவனத்தில் ஒரு மூட்டை கேட்டு வாங்கிவந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதல் நாளே புதுத் தீவனத்தைக் கொட்டினால் வயிறு புளித்துப் படுத்துவிடும். 40 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோ பச்சைப்புல், 300 முதல் 400 கிராம் அடர்தீவனம் என்று தொடங்கலாம். குடற்புழு மருந்து வந்த அன்றே கொடுத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்துச் சாணத்தில் முட்டை எண்ணிப் பாருங்கள். முட்டை குறையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை. செம்மறிக்கு அச்சிட்ட அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்தில் போதாது, ஆனால் லெவமிசோலில் கூடிப்போனால் ஆபத்து. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். உதட்டில் பொருக்குப் புண் கண்டால் கையுறை போடாமல் தொடாதீர்கள், கைக்கும் வரும்.

பலகை இடைவெளி எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?

நிபோங்திபால்காரன்

மூவருக்கும் நன்றி. செம்மறியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பலகை இடைவெளி ஒரு அங்குலம். இரண்டு சந்தேகம். சினை ஆட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது சரிதானா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வாங்குவதா, பின்பா?

பரண்கொட்டகை

ஒரு அங்குலம் அதிகம் தம்பி. குட்டியின் கால் இறங்கி முறியும். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். குட்டி போடும் மூலையில் பலகை மேல் ரப்பர் விரிப்பும் போடுங்கள்.

சினை என்பதைக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்துச் சொன்னால் மட்டும் கூடுதல் கொடுங்கள். கிடாவோடு சேர்ந்து 35 நாளுக்குப் பிறகு ஸ்கேனில் தெரியும். வயிறு பெருத்திருப்பது புல்லாலும் இருக்கும், புழுவாலும் இருக்கும். சினைக்காலம் 150 நாள். கடைசி ஒரு மாதத்தில் இருப்பதை லோரியில் ஏற்றாதீர்கள். சேர்ந்து ஒரு மாதத்துக்குள் இருக்கலாம் என்றால் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுக்காதீர்கள், கரு கெடும். எனக்குக் கேட்டால், வெறும் பெட்டையாக வாங்கி, தனிக்கொட்டில் முடிந்ததும் கிடாவை விட்டு, தேதி குறித்துவைப்பதே மேல். 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வரவில்லை என்றால் பெரும்பாலும் சினை பிடித்துவிட்டது.

விலை ஏறுவது கிடாவுக்குத்தான். பெருநாளில் அறுக்கும் குர்பானிக்கு, இஸ்லாமியச் சட்டத்தின் ஷாஃபி முறைப்படி வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிரம்ப வேண்டும், அதனால் நாலு பல் கிடாவைப் பெருநாளுக்கு முன் தேடித் தேடி வாங்குவார்கள். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், இஸ்லாமிய நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டையை எப்போது வேண்டுமானாலும் பேசி எடுங்கள். கிடாவைப் பெருநாள் முடிந்து, வேறொரு பண்ணையிலிருந்து எடுங்கள். அதே பண்ணைக் கிடா என்றால் இந்தப் பெட்டைகளில் இரண்டு மூன்றுக்காவது அதுவே தகப்பனாக இருக்கும்.