சிறுநீர் சிவந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார்

திருப்பூரில் டிபி மாத்திரை கொடுத்து அனுப்புவது என் வேலை. போன வருடம், ஜார்க்கண்டிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண் பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு அப்படியே வராமல் நின்றுவிட்டார். போனையும் எடுக்கவில்லை. 'இவங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது' என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னபோது நானும்தான் தலையாட்டினேன்.

சரி என்று ஹாஸ்டலுக்கே போனேன். என் இந்தி 'கானா காயா?' அளவுக்குத்தான், அதனால் சூப்பர்வைசரை மொழிபெயர்க்கச் சொன்னேன். பெரிய தப்பு. வியாதி வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படும் பெண் அவர் முன்னால் என்ன பேசுவார்? எல்லாவற்றுக்கும் 'டீக் ஹை', சரி என்பதுதான் பதில். இன்னொரு நாள் தனியாகப் போய், யாரை வைத்துப் பேசலாம் என்று அந்தப் பெண்ணையே கேட்டேன். தமிழ் பழகிய ஒரு தோழியைக் கூட்டி வந்தார். 'அக்கா, ஒண்ணுக்கு ரத்தமா போகுதாம்' என்றாள் தோழி. அவ்வளவுதான் விஷயம்! ரிஃபாம்பிசின் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாக, சிவப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் கொடுத்த தாளில் இதெல்லாம் இருந்தது, தமிழில்.

திரும்ப ஆரம்பித்து முழு கோர்ஸையும் முடித்தார். இப்போதெல்லாம் முதல் நாளே 'லால் பேஷாப், டர்னா நஹி' (சிறுநீர் சிவப்பாப் போகும், பயப்படக் கூடாது) என்று சொல்லிவிடுகிறேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

*

நர்ஸக்கா, உங்கள் கதையைப் படித்ததும் எங்கள் ஊர் நோன்பு மாதம் ஞாபகம் வந்துவிட்டது. நாகூர் பக்கம் ஒரு கிளினிக்கில் லேபில் இருக்கிறேன். சர்க்கரை பார்க்க ஒருவரும் விரல் நீட்ட மாட்டார்கள், ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடுமாம். ஒரு பாட்டியிடம் டாக்டர் 'நோன்பே வேண்டாம்' என்றார். பாட்டி சரி சரி என்று கேட்டுக்கொண்டு போய் நோன்பும் வைத்து, விடியலுக்கு முன்னால் சாப்பிடும் சஹர் நேரத்தில் மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, மதியம் சர்க்கரை இறங்கி மயங்கி வந்து சேர்ந்தார். அப்புறம்தான் டாக்டர் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் போய்ப் பேசினார். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் சொன்னதும் மறுநாளே ஆள் வர ஆரம்பித்துவிட்டது, நோன்பு வைக்கிறவர்களுக்கு மாத்திரை நேரத்தையும் அளவையும் டாக்டர் ஒவ்வொருவராக உட்கார வைத்து மாற்றிக் கொடுத்தார்.

அந்தப் பாட்டி மட்டும் இன்றைக்கும் கஞ்சி குடித்து நோன்பு திறந்த பிறகுதான் விரலை நீட்டுவார்.