தப்பு செய்கிற நாயகி உள்ள நாவல் இருந்தால் சொல்லுங்களேன்

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) படித்து முடித்து ஒரு வாரமாகிறது. அதன் நாயகி ஆரோக்கியம் இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. ஊர்த்துணி வெளுத்து, ராத்திரியில் வீடு வீடாகச் சோறு வாங்கி வந்து குடும்பத்தை ஓட்டுகிறாள். ஓயாத புலம்பல், பழைய முறைமேல் அசையாத நம்பிக்கை. பல இடங்களில் அவள்மேல் எனக்குக் கோபமே வந்தது. ஆனாலும் மறுநாள் துணி எடுக்கக் கிளம்பிவிடுகிறாள் பாருங்கள், அதுதான்.

இதேபோல் கரடுமுரடான நாவல்கள் வேண்டும். இமையத்தின் ‘செடல்’, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எல்லாம் படித்தாயிற்று. நாயகி பொய் சொல்லலாம், குடிக்கலாம், பெற்ற பிள்ளையிடமே எரிந்து விழலாம். கடைசி அத்தியாயத்தில் மட்டும் திருந்தி விளக்கேற்றக் கூடாது! மொழிபெயர்ப்பு என்றாலும் சரி. அப்புறம், இப்போது அச்சில் இருப்பதாகச் சொல்லுங்கள். போன தடவை ஒரு புத்தகத்துக்கு மூன்று மாதம் அலைந்தேன்.