மருத்துவக் காப்புறுதிக் கம்பனிகளின் மொத்த இலாபத்தை எப்படிக் கணிப்பது?

வணக்கம். கணக்கியல், காப்புறுதித் துறையில் இருக்கும் அண்ணாமார், அக்காமார் யாராவது உதவ முடியுமா?

கொழும்பில் ஒரு நிதி ஆய்வு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அமெரிக்க மருத்துவக் காப்புறுதிக் கம்பனிகளை ஒப்பிடும் வேலை தந்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்திருப்பவருக்கு விற்பனைக் கிரயம் எதுவென்று தெரியும்; விற்பனையிலிருந்து அதைக் கழித்தால் மொத்த இலாபம் (gross profit) வந்துவிடும். காப்புறுதிக் கம்பனிக்கு எது கிரயம்? யுனைடெட் ஹெல்த் ஆண்டறிக்கையில் மொத்த இலாபம் என்று ஒரு வரியே இல்லை. மருத்துவச் செலவு, இயக்கச் செலவு, விற்ற பொருட்களின் கிரயம் என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது.

அந்தக் கம்பனியின் பிரீமியத்தில் மருத்துவச் செலவு போன பங்கு 2023இல் 83.2%, 2024இல் 85.5%. அப்படியென்றால் மிச்சம் 14.5%ஐ மொத்த இலாப விகிதம் என்று எடுக்கலாமா? சம்பளம், தரகு, நிர்வாகம் எல்லாம் அதற்குள்தானே வருகின்றன!

அங்குள்ள சட்டப்படி தனிநபர், சிறு குழுத் திட்டங்களில் 80%உம் பெரிய குழுக்களில் 85%உம் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் போக வேண்டும். குறைந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வரிகளைப் பிரீமியத்திலிருந்து கழிக்கிறார்கள். ஆகவே ஆண்டறிக்கை விகிதத்தோடு அதை நேரே ஒப்பிட முடியாது என்று நினைக்கிறேன். சரிதானா?

என்னை உண்மையில் குழப்புவது ஒப்டம், அதாவது யுனைடெட் ஹெல்த் குழுமத்தின் மருந்தக, வைத்தியச் சேவைப் பிரிவு. ஒரே குழுமத்தின் காப்புறுதிப் பிரிவு தன் மருந்தகப் பிரிவுக்கும் வைத்தியர்களுக்கும் காசு கொடுத்தால், இலாபம் எந்தப் பக்கம் தெரியும்? பிரிவுவாரிக் குறிப்புகளை வாசித்துப் பழகியவர்கள் எங்கே தொடங்குவதென்று சொன்னால் போதும். தமிழில் விளக்கினால் இன்னும் நல்லது.