கலைச்சொல்: பொருளிணையமா, பொருள்களின் இணையமா?

அன்பர்களே,
பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். கருவிகளையும் பண்டங்களையும் இணையத்தில் இணைத்துத் தகவல் பரிமாறவைக்கும் நுட்பமான 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்பதற்குப் 'பொருட்களின் இணையம்' என்று எழுதியிருக்கிறேன். சுருக்கிப் 'பொருளிணையம்' என்னலாமா?

---
முதலில், 'பொருள்கள்' என்று திருத்துங்கள். 'கள்' விகுதி, அதன் முன் ளகரம் டகரமாகத் திரியாது. பொருட்பால், பொருட்செல்வம் எல்லாம் இரு சொற்கள் புணர்ந்தவை.

அடுத்து 'திங்'. பழைய ஆங்கிலத்தில் அது ஊர்க்கூட்டம், வழக்காடும் மன்றம். ஐஸ்லாந்தில் 930இல் கூடிய பேரவை 'அல்திங்'. டென்மார்க் நாடாளுமன்றம் இன்றும் 'ஃபோல்கதிங்'தான். கூட்டத்தின் பெயர் அங்கே பேசிய வழக்குக்கு ஆகி, பிறகு எந்த விவகாரத்துக்கும் ஆகி, கடைசியில் கையில் எடுக்கும் பண்டத்துக்கும் ஆயிற்று. வழக்கைக் குறித்த லத்தீன் 'காவுசா' பிரெஞ்சில் 'ஷோஸ்' என்று பொருளைக் குறிப்பதும் இதே தடம். கருவிகள் கூடிப் பேசும் நுட்பத்துக்கு அந்தப் பழம்பொருள் எவ்வளவு பொருந்துகிறது! 'பொருளவை' என்பதே என் பரிந்துரை.

---
ஐயா, 1999இல் கெவின் ஆஷ்டன் என்ற பிரிட்டிஷ் தொழில்நுட்பர் இந்தத் தொடரை வைத்தபோது சரக்குகளில் பதிக்கும், வானொலி அலையால் அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி சில்லுகளைத்தான் நினைத்தார், மன்றத்தை அல்ல. 'பொருளவை' என்றால் என் வகுப்பில் நிதிக்குழு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பொருளிணையம்' இன்னும் சிக்கல். தகவலின் அர்த்தம் கணினிக்கும் புரியும்படி அமைக்கும் 'செமான்டிக் வெப்' என்று இன்னொன்று இருக்கிறதே, அர்த்தத்தைக் குறிக்கும் 'பொருள்' அதற்கு வேண்டாமா? பேசாமல் 'ஐஓடி' என்ற ஆங்கிலச் சுருக்கத்தையே எழுதலாம். வேலைக்கான நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள்.

---
'ஐஓடி' வெறும் மூன்றெழுத்து, எதையும் விளக்காது. 'பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள்' என்ற குறளில் மதிப்பும் செல்வமும் ஒரே சொல்லில் வருகின்றன. படிப்பவர்கள் குழம்பியா போனார்கள்?

---
'கருவிகளின் இணையம்' என்றால் என்ன?

---
மாட்டின் காதில் சில்லு மாட்டினால் மாடும் இதில் சேரும். மாடு கருவியா? பொருள் என்றால் மாடும் அடங்கும். 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளடியில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்றுதான் பொருள். பழைய ஆங்கிலத்திலும் 'ஃபெயோ' கால்நடை, செல்வம் இரண்டுக்கும் பெயர்.

---
சரி, இழை நீண்டுவிட்டது. 'இன்' உருபு இருந்தால் குழப்பம் குறைகிறது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 'பொருட்களின் இணையம்' என்று எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் பக்கத்தில் 'ஐஓடி' சேர்த்து அனுப்புகிறேன். டகரம் மாணவர்கள் கண்ணுக்குப் பழகியது, ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

---
'பொருளவை'யை விட்டுக்கொடுக்கிறேன். டகரத்தை விட முடியாது. அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள்.