உதவி: ஜாக் ரஸ்ஸல் தோட்டத்தையே தோண்டிப் போடுகிறான் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். வீட்டில் ஒன்றரை வயது ஜாக் ரஸ்ஸல் நாய், ஆண், பெயர் மணி. பின்பக்கச் சுவரோரம் வரிசையாகக் குழி. அம்மா ஆசையாக வைத்த கறிவேப்பிலைக் கன்றையும் வேரோடு கிளப்பிவிட்டான். மதிலில் குரங்கு வந்து உட்கார்ந்தால் விடாமல் குரைப்பு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பகலில் நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம், தனியாகத்தான் இருப்பான். குழியில் மிளகாய்த்தூள் போடச் சொல்கிறார் மாமா. போடலாமா?

மாரிட்ஸ்பர்க் அண்ணாச்சி:
வேண்டவே வேண்டாம் தம்பி. கண்ணிலும் மூக்கிலும் ஏறும். எரிச்சல் அடங்கினதும் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டுவான், அவ்வளவுதான்.

தோண்டுவதற்கென்றே உருவாக்கின சாதி இது. இங்கிலாந்தில் டெவன் பக்கத்துப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல் (1795–1883) நரிவேட்டைப் பைத்தியம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது, 1819இல், ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். அந்த வழியில் வந்தவை இவை. குதிரைக்கு ஈடுகொடுத்து ஓடணும். நரி வளைக்குள் போனால் பின்னாலேயே நுழைந்து, குரைத்தே வெளியே விரட்டணும். கடித்துக் கொன்றுவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது, அதனால் குரைப்புக்குத்தான் மதிப்பு. உங்கள் ஆன்ட்டி திட்டுவது அந்தப் பாதிரியாரைத்தான்! (லண்டன் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றதே 2016இல்தான்.)

வரிசையாகச் சுவரோரமே தோண்டுகிறான் என்றால் அடியில் எலி இருக்கும், பாருங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரமாவது நல்ல நடை கொடுங்கள். ஒரு மூலையில் மணல் கொட்டி, அதில் பிஸ்கட்டைப் புதைத்து, இங்கே தோண்டு என்று காட்டுங்கள். அடிப்பது வீண் வேலை.

எலிக்கு விஷம் மட்டும் வைக்காதீர்கள். தெருவோரம் விற்கிற கறுப்புக் குருணை இருக்கிறதே, திருடர்கள் நாயைக் கொல்லப் போடுவது அதையேதான்.

சாட்ஸ்வர்த்வாசி:
அண்ணாச்சி சொன்னது சரி, செங்கல் அடுக்குக்குப் பின்னால் எலி வளை இருந்தது. மணல் மூலை பிடித்துவிட்டது. தினமும் ஓடையோரப் புல்வெளி வரை நடக்கிறோம். நன்றாகவே பலன்: இரண்டு நாளாக ஆள் சாது. குரங்கு வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். சாப்பாடுதான் கொஞ்சம் மிச்சம் வைக்கிறான், வெயில் ஆரம்பித்ததாலோ என்னவோ.

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, குரங்கைப் பார்த்தும் எழுந்திருக்காத ஜாக் ரஸ்ஸல் சாது இல்லை, நோயாளி. நான் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். உடனே அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்கணும். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

எனக்குச் சந்தேகம் பிலியரி. உண்ணி கடித்துப் பரவுகிற பபேசியா கிருமி, சிவப்பணுக்களை உடைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இருக்கிற பபேசியா ரோசி என்ற வகை ரொம்பப் பொல்லாதது, விட்டால் சில நாளில் ஆளையே முடித்துவிடும். புல்வெளி நடை என்றதுமே எனக்குத் திக்கென்றது. காது மடல், விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி இல்லை என்றாலும் போங்கள், கடித்துவிட்டு எப்போதோ விழுந்திருக்கும்.

இன்னொன்று: புரட்டாசி விரதத்தில் அவனுக்கும் சாம்பார் சோறா? வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அதையும், வீட்டில் எலி விஷம் ஏதாவது வைத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலுக்கென்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது ஆபத்து.

சாட்ஸ்வர்த்வாசி:
ஈறு வெள்ளை வெளேர் என்று இருந்தது அக்கா, கையோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். காது நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள். பிலியரியேதான். ஊசி போட்டு ஒரு ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். இரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், கோழி வேகவைத்த தண்ணீரைக் குடிக்கிறான். சாம்பார் சோறு நிறுத்தியாச்சு. ஆனால் இரண்டு வாரம் ஓடவே கூடாதாம். இவனை எப்படி?

பீனிக்ஸ் அக்கா:
அப்பாடா. தினமும் இரண்டு வேளை ஈறைப் பாருங்கள், மறுபடி வெளுத்தால் திரும்பக் கொண்டுபோகணும். ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்று நினைக்காதீர்கள். உண்ணி மாத்திரையை டாக்டர் சொல்லும் கணக்கில் வருஷம் முழுக்கக் கொடுங்கள், டர்பன் குளிரெல்லாம் உண்ணிக்குக் குளிரே இல்லை. மாத்திரை இருந்தாலும் நடை முடிந்ததும் தடவிப் பார்க்கிற பழக்கம் இருக்கட்டும்.

மாரிட்ஸ்பர்க் அண்ணாச்சி:
ஓடாமல் வைக்க மூக்குக்கு வேலை கொடு தம்பி. பழைய துண்டில் அவன் சாப்பாட்டைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடு, அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆகும். முட்டை அட்டையும் ஆகும், கிழிப்பான், கூட்டிவிடு. வெளிக்குப் போகும்போது கயிறு கட்டியே கூட்டிப்போ. தீபாவளிக்கு வெடிச்சத்தத்தில் மதில் தாண்டுவான், அன்றைக்கு உள்ளறையில் ரேடியோ போட்டு அடைத்து வை. அந்த வளையைச் சிமென்ட் வைத்து அடைத்தாயா, இல்லையா?