வெண்கல மணிகளை வைத்து ஒரு புதிர் கேம்: பத்து லெவலுக்கு மேல் சலிக்கிறது, என்ன செய்யலாம்?

வெண்கலக்கதவு:
வணக்கம். நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு சின்னப் புதிர் கேம் செய்துகொண்டிருக்கிறோம். கதை நடப்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சீனாவில், ட்செங் என்ற சிறு நாட்டின் அரண்மனையில். தொங்கும் மணிகளைச் சரியான வரிசையில் அடித்தால் கதவு திறக்கும். சீன இசை என்றால் ஐந்து ஸ்வரம் என்று கேள்விப்பட்டதால் ஐந்தே மணி வைத்திருக்கிறேன், பின்னணிக்கு எர்ஹூ என்ற இரட்டை நரம்புச் சீன வில்வாத்தியம். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் இது வெறும் ஞாபகசக்தி சோதனைதான் என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்தக் காலத்து இசைக்குள்ளிருந்தே புதிர் எடுக்க வழி இருக்கிறதா?

கல்நாதம்:
இருக்கிறது, அதுவும் நீங்கள் எடுத்த நாட்டிலேயே. 1978இல் ஹூபெய் மாகாணத்தில் ட்செங் நாட்டுப் பிரபு யி என்பவரின் கல்லறையைத் தோண்டியபோது மூன்று அடுக்குச் சட்டத்தில் 65 மணிகள் கிடைத்தன, இப்போது வூஹான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் வாய் வட்டமாக இருக்காது, பாதாம் பருப்பு மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கும். அதனால் நடுவில் அடித்தால் ஒரு ஸ்வரம், ஓரமாக அடித்தால் இன்னொரு ஸ்வரம். முதல் ஸ்வரம் ஸ என்றால் அடுத்தது ஏதாவது ஒரு க. ஒரு மணிக்கு ஒரு ஸ்வரம் என்ற விதியை உடைத்தாலே உங்கள் கேம் மாறிவிடும்: எந்த மணி என்பதோடு எங்கே அடிப்பது என்பதும் கேள்வியாகிவிடும். அப்புறம், எர்ஹூவை எடுத்துவிடுங்கள், அது பல நூற்றாண்டு பிந்திய கருவி. அதே கல்லறையில் கல் மணிகளும் சே என்ற 25 நரம்பு மீட்டும் கருவிகளும் கிடைத்திருக்கின்றன, அவையே போதும்.

மூன்றில்ஒன்று:
கணக்குப் புதிர் வேண்டுமென்றால் பழைய சீன நூலான குவான்ட்சுவில் ஸ்வரம் பிறக்கும் முறை இருக்கிறது. 81 அளவுள்ள நரம்பில் தொடங்குங்கள், மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 108, அதில் மூன்றில் ஒன்று குறைத்தால் 72, கூட்டினால் 96, குறைத்தால் 64. ஐந்து ஸ்வரமும் வந்துவிட்டது. நரம்பை நீட்டி, குறைத்து ஸ்வரம் கண்டுபிடிக்கும் லெவலாக இதை அப்படியே வைக்கலாம். இதையே பன்னிரண்டு முறை செய்து, இரட்டித்தோ பாதியாக்கியோ ஒரே எண்மத்துக்குள் (ஸ முதல் மேல் ஸ வரை) கொண்டுவந்தால் 81க்குத் திரும்பி வராது, ஏறத்தாழ 79.9இல் நிற்கும். அந்தச் சிறு விலகல் சீன இசையறிஞர்களை நூற்றாண்டுக் கணக்கில் வதைத்தது. 1584இல்தான் மிங் வம்ச இளவரசர் ஜு ட்சாய்யூ எண்மத்தைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கக் கணக்குப் போட்டார். கடைசிக் கதவு திறக்காமல் நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சுருதிப்பெட்டி:
அந்த ஐந்து ஸ்வரமும் நம் மோகன ராகம்தான். ஸ்வரங்களை மாற்றாமல் ஆதாரத்தை, அதாவது ஸ என்று எடுத்துக்கொள்ளும் ஸ்வரத்தை, மட்டும் நகர்த்துங்கள், வேறு ராகங்கள் வரும்: ரியிலிருந்து மத்யமாவதி, கவிலிருந்து ஹிந்தோளம், பவிலிருந்து சுத்த சாவேரி, தவிலிருந்து சுத்த தன்யாசி. சீனர்களும் இப்படி ஐந்து வகை வைத்திருக்கிறார்கள். அதே மணிகள், வேறு ஆதாரம், வேறு கதவு. காதில் சங்கீதம் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

வெண்கலக்கதவு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றிரவே ஓரத்து அடியைச் சேர்த்துப் பார்த்தோம், மூன்றாவது லெவலிலேயே நண்பன் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டான். ஒரு கவலை மட்டும் பாக்கி: காது கேளாதவர்கள் இதை எப்படி விளையாடுவார்கள்?

கல்நாதம்:
அதற்கும் அந்த மணிகளிலேயே பதில் இருக்கிறது. எங்கே அடித்தால் எந்த ஸ்வரம் என்று மணியின் மேலேயே பொன் பதித்து எழுதியிருக்கிறார்கள். அதுமட்டுமல்ல, ட்செங்கில் இப்படி அழைப்பதைச் சூ நாட்டில் எப்படி அழைப்பார்கள் என்று மற்ற நாடுகளின் பெயர்களையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். சூ நாட்டுத் தூதர் ஒரு ஸ்வரத்தைத் தன் ஊர்ப் பெயரால் கேட்கட்டும், ஆட்டக்காரர் எழுத்தைப் படித்து மணியைத் தேடட்டும். காதே தேவையில்லை.